பசுமை அலுவலகமும் பணியாளர் நலனும் ரெண்டு தனித்தனி ஃபைல் இல்ல

பொதுத்துறை நிறுவனம்னா சுற்றுச்சூழலுக்கு ஒரு கமிட்டி இருக்கும், பணியாளர் நலனுக்கு இன்னொரு கமிட்டி இருக்கும். ஜூன் 5 வந்தா முதல் கமிட்டி மரம் நடும், அக்டோபர் 10 மனநல நாள் வந்தா ரெண்டாவது கமிட்டி ஒருத்தரைக் கூப்பிட்டு மன அழுத்தம் பத்திப் பேச வைக்கும். இவங்க ரெண்டு பேரும் ஒருநாளும் ஒண்ணா உக்காந்து பேசமாட்டாங்க. ரொம்ப நாளா மனசுல இருக்கறதை சொல்லிடறேன், ஒரு அலுவலகத்துல கரண்ட்டும் பேப்பரும் எங்க வீணாப் போகுதோ அதே இடத்துலதான் மனுஷங்களும் நொந்து போறாங்க, இதைப் பிரிச்சு வெச்சுப் பாக்கற வரைக்கும் ரெண்டுமே உருப்படாது.

ஒரே ஒரு ஃபைல் எப்படி நகருதுன்னு கூடவே போய்ப் பாருங்க. இ-ஃபைல் வந்துருச்சு, எல்லாம் சிஸ்டத்துலதான்னு சொல்றோம். ஆனா மேல இருக்கறவருக்கு ஸ்கிரீன்ல படிக்கப் பிடிக்காது, அதனால பிரின்ட் போகும், அவர் பேனாவால திருத்துவார், அதை ஒருத்தர் மறுபடி டைப் அடிச்சு மறுபடி பிரின்ட் எடுத்து கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணி திரும்ப சிஸ்டத்துலயே ஏத்துவாங்க. அதே விவரம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு ஃபார்மட்ல, ஆடிட்டுக்கு இன்னொரு ஃபார்மட்ல போகும். இதுல எத்தனை ரீம் பேப்பர் செலவாச்சுன்னு ஸ்டோர்ஸ்ல கணக்கு இருக்கு, அந்த டைப் அடிச்சவங்களோட சாயங்காலம் போச்சே, அது எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. "பேப்பரை சேமிப்போம்"னு பிரின்டர் மேல ஸ்டிக்கர் ஒட்டறதை விட, தேவையில்லாத ஒரு கையெழுத்தை அந்த வரிசையில இருந்து எடுத்துட்டா பேப்பரும் மிச்சம், அவங்களும் நேரத்துக்கு கிளம்பலாம், அவங்க ஒருத்தருக்காக அந்த ஹால் முழுக்க லைட்டும் ஏசியும் ஓட வேண்டியதும் இல்ல.

இதுல எனக்கு உண்மையாவே வேதனையா இருக்கறது, பசுமைத் திட்டத்தையே எடுத்துட்டு வந்து ஏற்கனவே மூணு சீட் வேலை பாக்கற ஒருத்தர் தலையில "கூடுதல் பொறுப்பு"ன்னு கட்டறதுதான். காலியிடம் நிரப்பல, ஆள் இல்ல, ஆனா காலாண்டு அறிக்கை மட்டும் போயாகணும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணி, எவ்வளவு குப்பைன்னு அவர் ராத்திரி உக்காந்து கட்டம் கட்டமா நிரப்பறார். 2019ல உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால மொத்தமா சோர்ந்து போறதை, நோய்ப் பட்டியல்ல ஒரு நோயா சேர்க்கல, வேலை சார்ந்த நிலைன்னு வகைப்படுத்துச்சு, சரியா கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தோட விளைவுன்னு விளக்கமும் கொடுத்துச்சு. அதாவது காரணம் வேலை நடக்கற விதத்துல இருக்கு. அப்படி இருக்கும்போது அந்த மனுஷனை மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி வெச்சா சரியாயிடுமா, அவர் திரும்பி வரும்போது அந்த மூணு சீட்டும் அங்கயேதானே இருக்கும்?

இதுக்கு அரசு ஊழியர்களை வெச்சே பெரிய ஆய்வு நடந்திருக்கு. பிரிட்டன்ல 1967ல ஆரம்பிச்ச ஒயிட்ஹால் ஆய்வு, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. கடைசி கிரேடுல இருக்கறவங்க இதய நோயால இறக்கறது உச்சி கிரேடுல இருக்கறவங்களை விட மூணு மடங்குக்கும் மேல. சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்தும் அந்த வித்தியாசத்துல ஒரு பகுதியைத்தான் விளக்க முடிஞ்சது. அப்புறம் 1985ல மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மாட் தலைமையில ரெண்டாவது சுற்று, இந்த முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். அதுல முக்கியமா வந்த விஷயம், தன் வேலையை எப்படி எப்போ செய்யறதுங்கறதுல ஒருத்தருக்கு எவ்வளவு சொந்த முடிவு இருக்கு அப்படிங்கறது. பெரிய பொறுப்புல இருக்கறவங்களுக்குத்தான் டென்ஷன்னு நாம பொதுவா நினைச்சுக்கறோம், ஆனா முடிவு எடுக்க உரிமையே இல்லாம வேலை மட்டும் குவியற கடைநிலை சீட்டுலதான் உடம்பு உடையுது.

அந்த கடைநிலைக்கும் கீழ, சம்பளப் பட்டியல்லயே வராதவங்க இருக்காங்க, துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிங்க, பெரும்பாலும் கான்ட்ராக்ட். நலன் கமிட்டி சர்வே எடுத்தா அவங்களுக்கு ஃபார்ம் வராது. பல கட்டடங்கள்ல எல்லாரும் கிளம்பின பிறகு, இல்ல விடியறதுக்கு முன்னாடி, துப்புரவு நடக்கும். ஏன்னா சுத்தம் பண்றவங்க நம்ம கண்ணுல படக்கூடாதுன்னு யாரோ எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. அதுக்காக மாடி மாடியா லைட் எரியுது, அந்தம்மா பஸ் இல்லாத நேரத்துல பயந்துகிட்டே போய் வரணும், புள்ளைங்க தூங்கற நேரத்துலதான் வீட்ல இருப்பாங்க. அதே வேலையை அலுவலக நேரத்துல பகல் வெளிச்சத்துலயே செய்யலாம். ஒரு டெண்டர் நிபந்தனையில நேரத்தை மாத்தி எழுதினாப் போதும், கூடுதல் செலவு ஒண்ணும் இல்ல, கரண்ட் குறையும், ஒரு பொம்பளை பயமில்லாம வீட்டுக்குப் போவாங்க, தினமும் பாக்கறதால நாமளும் அவங்க பேரைத் தெரிஞ்சுக்குவோம்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு, மனுஷனை மறந்துட்டு ஆற்றலை மட்டும் சேமிக்கக் கிளம்பினா என்ன ஆகும்னு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மேற்கு நாடுகள்ல கட்டடங்களை இறுக்கமா அடைச்சாங்க, வெளிக்காத்து உள்ள வர்ற அளவைக் குறைச்சாங்க. மின்சாரம் மிச்சமாச்சு, ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, சோர்வு. கட்டடத்தை விட்டு வெளிய வந்தா சரியாயிடும், உள்ள போனா திரும்ப வரும். "நோயுற்ற கட்டட" அறிகுறிகள்னே அதுக்குப் பேர் வந்துச்சு. இப்பவும் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், வெயில் அடிக்குதுன்னு இழுத்து விட்ட பிளைண்ட்ஸ், பட்டப்பகல்ல டியூப் லைட், ஏசி நேரா தலையில அடிக்கற சீட்ல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கறவர், நாலு சீட் தள்ளி புழுங்கறவர்னு இருக்கற ஹால்கள் எவ்வளவு! ரிமோட் மட்டும் மேனேஜர் ரூம்ல இருக்கும்.

ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2005ல கூல் பிஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. கோடையில ஏசி 28 டிகிரி, அதோட சேர்த்து கோட்டும் டையும் வேண்டாம்னாங்க. 28 கொஞ்சம் அதிகம்னு அங்கயே விமர்சனம் உண்டு, எனக்கும் அது அதிகம்தான். ஆனா அதுல எனக்குப் பிடிச்சது, டெம்பரேச்சரை மட்டும் மாத்தி விட்டுடாம உடை விதியையும் சேர்த்து மாத்தினாங்க, பிரதமரே டை இல்லாம வந்து நின்னார். மேல இருக்கறவர் கோட்டைக் கழட்டாம கீழ இருக்கறவனுக்கு சுற்றறிக்கை அனுப்பிப் பிரயோஜனம் இல்ல.

நேரம் பத்தியும் சொல்லணும். ஐஸ்லாந்துல 2015ல ரெய்க்யவிக் நகராட்சியும், 2017ல தேசிய அரசும் ஆரம்பிச்ச சோதனைகள்ல 2,500க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு சம்பளம் குறைக்காம வாரத்துக்கு 40 மணி நேரத்தை 35, 36 ஆக்கிப் பாத்தாங்க. பெரும்பாலான இடங்கள்ல சேவை குறையல, அழுத்தம் குறைஞ்சது. எப்படி முடிஞ்சதுன்னு பாத்தா மீட்டிங்கை சுருக்கினாங்க, தேவையில்லாத படிகளை வெட்டினாங்க, வேலையைப் பங்கு போடற விதத்தை மாத்தினாங்க. நான் மேல சொன்ன அந்த ஃபைல் கதைதான் இது!

நிர்வாகத்துல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு கோரிக்கை. மாசாந்திர ரிவ்யூல மின் கட்டணத்தை வைக்கறீங்க இல்லையா, அதே ஷீட்ல பக்கத்துலயே மருத்துவ விடுப்பு, கூடுதல் நேரம், நிரப்பாத பணியிடம் மூணையும் பிரிவு வாரியா வைங்க. எந்தப் பிரிவுல ராத்திரி ஒன்பது மணிக்கும் மீட்டர் ஓடுதோ அங்க எத்தனை பேர் லீவுல இருக்காங்கன்னு பாருங்க, பாத்துட்டு அந்த பிரிவுல இருந்து ஒரு கிளார்க்கையும், அந்த மாடியைக் கூட்டறவங்களையும் அதே மீட்டிங்ல உக்கார வெச்சு, எந்த வேலையை நிறுத்தலாம்னு கேளுங்க. அவங்க சொல்றதை மினிட்ஸ்ல ஏத்துங்க, அடுத்த மாசம் அதுலதான் மீட்டிங்கை ஆரம்பிக்கணும்.