டாலருக்கு 62 சென்ட் இல்லை, நூறு டாலருக்கு

கலிஃபோர்னியாவில் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான சான்டா கிளாரா கவுண்டியின் புது விற்பனை வரி பற்றி ஒருவர், "சான்டா கிளாரா கவுண்டியில் அரிசி பருப்புக்குக்கூட இனி டாலருக்கு 62 சென்ட் கூடுதல் வரி, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இல்லாமலே" என்று எழுதியிருக்கிறார். நண்பரே, கணக்கு இடறுகிறது.

2025 நவம்பரில் மக்கள் ஓட்டுக்கு வந்த மெஷர் ஏ என்ற தீர்மானம் விற்பனை வரியில் கூட்டியது 0.625 சதவீதம். அதாவது நூறு டாலருக்கு 62.5 சென்ட். அரிசி, பருப்பு, பால், காய்கறிக்கு கலிஃபோர்னியாவில் விற்பனை வரியே கிடையாது. மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்துக்கும் இல்லை. உணவகத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டால் உண்டு. அது முன்பும் இருந்ததுதான்.

ஓட்டு விஷயம்: மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது, கவுண்டி நிர்வாகமே ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று ஒதுக்கி வரி கேட்கும்போது. இது பொது நிதிக்குப் போகும் வரி, பாதிக்கு மேல் இருந்தாலே போதும். சுமார் 57 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

குறை சொல்ல வேண்டுமானால் இங்கேதான் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய அரசு மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிதியை வெட்டியதால் கவுண்டி மருத்துவமனைகளைக் காப்பாற்ற என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். ஆனால் பொது நிதி என்பதால் பணம் மருத்துவமனைக்கே போக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஐந்து வருடத்துக்கான வரி இது, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் பட்ஜெட்டை வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.