வீட்லதானே இருக்கீங்க, அக்கா!

இந்த மாதத்தில் மட்டும் பதினோரு பார்சல். ஒன்றுகூட எங்களுடையது இல்லை. செருப்பு, கொசுவலை, பிள்ளைக்கு டயப்பர் இரண்டு பெரிய மூட்டை, இன்னும் என்னென்னவோ அட்டைப்பெட்டிகள், எல்லாம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. டெலிவரி பையன் இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெல்லை அடிப்பதே இல்லை. நேரே என் கேட்டுக்கு வந்து "அக்கா, பார்சல்" என்கிறான். அவனைத் திட்டவும் முடியாது. விலாசத்திலேயே "பக்கத்து வீட்டில் கொடுக்கவும்" என்று அச்சாகி வருகிறது. அதைப் போடுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஆரம்பித்து வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். வைகாசியில் கடலூரில் எங்கள் செம்மண்டலம் தெருவுக்குக் குடி வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை, ஒரு சின்னப் பிள்ளை. வேனிலிருந்து சாமான் இறங்கும்போதே ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் இட்லி. பால்காரர் நம்பர், தண்ணி கேன் போடுகிறவர் நம்பர், நல்ல மீன் வேண்டுமென்றால் முதுநகர் பக்கம் எத்தனை மணிக்குப் போகவேண்டும், எல்லாம் சொல்லியாச்சு. மூன்றாம் நாள் பலாப்பழம். பண்ருட்டியிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பியது. 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாக்கும்! கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சடை நீக்கி, கொட்டை எடுத்து, சுளை சுளையாக எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். கொட்டையையும் கழுவித் தனியாகக் கொடுத்தேன், சாம்பாரில் போட்டுக்கொள்ளட்டும் என்று. கூடப் பிறந்த தங்கச்சிக்கு நான் இவ்வளவு செய்ததில்லை. கடைசியில் வாய் சும்மா இருந்ததா? "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கூச்சமே படவில்லை.

அந்த டப்பா இன்னும் திரும்பி வரவில்லை. என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த செட்டில் ஒன்று. மூடியில் என் பெயரும் 1998 என்றும் வெட்டியிருக்கும். எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். சர்க்கரையெல்லாம் வேண்டாம் தாயே, டப்பாவைக் கொடு.

பார்சலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் பணம் கொடுத்து வாங்கவேண்டிய பார்சல் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டால், "கொடுத்துடுங்கக்கா, நைட்டு ஜிபே பண்ணிடறேன்." 849 ரூபாய். மூன்று வாரமாக அந்த நைட்டு வரவே இல்லை. அப்புறம் மோட்டார். சாவியைக் கையில் திணித்துவிட்டு, "காலைல பத்து நிமிஷம் போட்டு விடுங்கக்கா, வீட்லதானே இருக்கீங்க" என்றாள். ஒருநாள் மறந்துவிட்டேன், தொட்டி நிரம்பி வழிந்தது. சாயங்காலம் வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "கரண்ட் பில் ஏறிடும்க்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க." நான் எப்போது இவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தேன்?

பிள்ளையையும் "அரை மணி நேரம்" என்று விட்டுவிட்டுப் போவது உண்டு. குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் கீழே ஊசியும் ஹூக்கும் சிதறிக் கிடக்கிற அறையில் அது தவழ்ந்து வந்தால் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

அந்த "வீட்லதானே இருக்கீங்க" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டில் இருந்தால் சும்மா இருப்பது என்று அர்த்தமா? ஆவணி முகூர்த்தம் என்றால் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் கல்யாணக் கூட்டத்தில் நடக்க வழி இருக்காது. அந்தக் கல்யாணங்களில் பாதி ப்ளவுஸ் எங்களைப் போன்ற வீட்டுத் தையல்காரிகள் ராத்திரி கண்விழித்துத் தைத்ததுதான். போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ப்ளவுஸ், புடவையோடு வந்த துணி. கழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது பெல். ஓடிப்போய்ப் பார்சலை வாங்கி, ஓடிபி நம்பரைக் கேட்டுச் சொல்லி, திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின்கழுத்து இறக்கத்தை முன்பக்கத் துணியில் வெட்டிவிட்டேன்! கடைக்குப் போய் வேறு வாங்குகிற துணியா அது? கை வெட்டியதில் மிஞ்சிய துண்டை ஒட்டுப்போட்டு, மேலே பைப்பிங் வைத்து மறைத்து முடிக்க ராத்திரி இரண்டு மணி. வந்த பார்சலில் என்ன இருந்தது என்று கேட்டேன். துணி காயப்போடும் கிளிப்பாம்.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா நாளைக்கு ஒரு ஆபத்துன்னா யார் வருவா?" என்று கேட்பார்கள் சிலர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோது புதுப்பாளையத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருந்தோம். எதிர்வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் அதுவரை "சாப்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை, ஐந்து வருஷமாக. விடியற்காலையில் கூரை பிய்த்துக்கொண்டு போனதும், அவர்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "பிள்ளைங்களத் தூக்கிட்டு இங்க வா" என்று கத்தினார். கரண்ட் வருகிறவரை அவர் வீட்டுக் கைப்பம்பில்தான் தெருவே தண்ணீர் பிடித்தது. எல்லாம் சரியான பிறகு? மறுபடியும் "சாப்டீங்களா"தான். அவர் என் சம்பாத்தியம் கேட்டதில்லை, நான் அவர் வாசலில் பார்சல் இறக்கியதில்லை.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு சிரிப்பும் "சாப்டீங்களா"வும் போதும் என்று அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளாமல் போனேனே, அதுதான் என் ஆத்திரம். அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர், "முடியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்கிறார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். முதல் நாளே ஃபிளாஸ்கோடு போய் நின்றவள் நான். நாலாவது மாதம் முடியாது என்றால் நான்தானே கெட்டவள்?

நேற்று மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பக்கத்து மாடிச் சுவரின்மேல் என் டப்பா. உள்ளே அந்தக் கிளிப்கள், பச்சையும் சிவப்புமாக. மூடியைக் காணோம்.

இன்று சாயங்காலம் பார்சல் வாங்க வருவாள். 849 ரூபாய், டப்பா, மூடி, மூன்றையும் கேட்கப் போகிறேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான். காபி கிடையாது.