ஜி20-ஐ எதிர்த்தால் சிறையா? இல்லை

"ஜி20 மாநாட்டு முடிவுகள் நம் நாட்டுக்குச் சட்டம், எதிர்த்துக் கொடி பிடித்தால் சிறை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குள் சுற்றுகிறது. "கறுப்புச் சேலை கட்டினாலே பிடிச்சுட்டுப் போவாங்களாப்பா?" என்று அத்தை பயந்துபோய்க் கேட்டார். செய்தியில் இரண்டுமே தவறு.

ஜி20 என்பது பெரிய பொருளாதார நாடுகள் கூடிப் பேசும் மன்றம், சட்டசபை அல்ல. அதற்கு நிரந்தரச் செயலகம்கூடக் கிடையாது. 2025 நவம்பர் 22, 23-இல் ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய தலைவர்கள் வெளியிட்டது ஓர் அறிக்கை. இங்கே சட்டம் இயற்றுவது நம் நாடாளுமன்றம்தான்.

அப்புறம் சிறை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் ஆர்ப்பாட்டம் செய்யவும் உரிமை தருகிறது. பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால் முன்னறிவிப்பு தர வேண்டும், சரி. ஆனால் அதைத் தராததையே குற்றமாக்கிய விதியை 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

மாநாட்டுக்கு முந்தைய நாள் நடந்ததைப் பாருங்கள். கறுப்பு உடையில் பெண்கள் நண்பகலில் 15 நிமிடம் தரையில் படுத்தார்கள், கொல்லப்படும் பெண்களுக்காக. உலகமே பார்க்கும் நேரத்தில்தான் இந்தத் துயரம் கண்ணில் படும். அந்த நாட்களிலேயே அரசு பெண்கள் மீதான வன்முறையைத் தேசியப் பேரிடராக வகைப்படுத்தியது.

அத்தை, கறுப்புச் சேலையைத் தாராளமாகக் கட்டுங்கள்.