ஹெட்ஃபோன் கேபிள் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள்

50,000 ரூபாய் கொடுத்து ஹெட்ஃபோன் வாங்குகிறவர்கள்கூட, அதற்குத் தனியாகக் கேபிள் வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கிணற்றுக் கயிறு தடிமனில், மேலே துணிப்பின்னல் போட்டு இருந்தால் ‘நல்லா உழைக்கும்’ என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மணிக்கணக்கில் தலையில் மாட்டியிருக்கிற பொருளுக்குக் கேபிள் லேசாகத்தான் இருக்க வேண்டும்.

ஒலிக்காகத் தடிமன் வேண்டும் என்பார்கள். 26 கேஜ் (அமெரிக்கக் கம்பித் தடிமன் அளவு, AWG) செம்புக் கம்பியின் விட்டம் 0.4 மி.மீ.தான், மீட்டருக்கு 0.13 ஓம் மின்தடை. 2 மீட்டர் கேபிளில் போக வரச் சேர்த்தால் அரை ஓமுக்குக் கொஞ்சம் மேலே வரும். சென்ஹைசர் கம்பெனியின் எச்டி 600, 650 ஹெட்ஃபோன்கள் இரண்டும் 300 ஓம். அதற்கு முன்னால் அரை ஓம் எந்த மூலைக்கு? 30 ஓம் பிளேனர் (தட்டையான சவ்வு அதிர்ந்து ஒலி தருகிற வகை) ஹெட்ஃபோனில்கூட ஒலி கால் டெசிபல் குறையாது. ஆக, மிச்சக் கனமெல்லாம் உறைதான்.

சரி, அந்த உறை கேபிளைக் காப்பாற்றுகிறதா? நண்பர்கள் பழுது பார்க்கக் கொண்டுவருகிற கேபிள்கள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. பிளக்கை ஒட்டி, கம்பி உள்ளே நுழைகிற அந்தக் கழுத்தில்தான் போகின்றன. விறைப்பான கேபிள் வழியில் எங்கேயும் வளைந்து கொடுக்காது. இழுப்பு முழுவதும் கழுத்தில் வந்து விழும். அதற்கும் மேலே, காதுக்கிண்ணத்தில் இருக்கிற சாக்கெட் ஆடிப்போனால் செலவு கேபிளோடு நிற்காது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்புக்காற்று வேறு. குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு பக்கம் பாடாத கேபிளைக் கொண்டுவந்தார். “அண்ணே, வெளியே ஒண்ணும் ஆகலையே” என்றார். உண்மைதான், துணிப்பின்னல் புதுசு போலவே இருந்தது. கழுத்துக்குக் கீழே வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்துக் கறுத்திருந்தது. கத்தியால் சுரண்டும் வரை ஈயம் பிடிக்கவில்லை. துணி வேர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தடுக்காது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அந்த அழகுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

எச்டி 600-இன் கேபிளைப் பாருங்கள். ஒல்லிதான், ஆனால் உள்ளே கெவ்லார் என்கிற, இழுத்தால் எளிதில் அறாத செயற்கை இழை ஓடுகிறது. இழுப்பை அது வாங்கிக்கொள்ளும், செம்புக்குப் போகாது. கிண்ணத்திலிருந்து கழற்றவும் முடியும். கனத்தைக் கூட்டாமல் உறுதி வந்துவிட்டது.

கோயில் கொடை, சர்ச் பாடகர் குழு என்று ஒலிப்பதிவுக்கு அலைகிறவர்கள் தடித்த கேபிளே வைத்துக்கொள்ளட்டும். அங்கே தரையில் கிடக்கும், நாலு பேர் மிதிப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது வெறும் சுமை. காதுக்குள் செருகுகிற இயர்போன் என்றால் இன்னும் மோசம். விறைத்த கேபிள் சட்டையில் உரசுகிற சத்தமெல்லாம் பாட்டுக்கு நடுவே காதுக்கு வரும்.

அதனால் என் கணக்கு இதுதான்: மெல்லிசாக, சுருட்டினால் சொன்னபடி கேட்கிற கேபிள், கழுத்தில் நீளமான ரப்பரோ ஸ்பிரிங்கோ, மரை திருகித் திறக்கிற உலோகப் பிளக். வார்த்து மூடிய பிளக் எனக்கு வேண்டாம். திறக்க முடிகிற பிளக் என்றால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஈயம் வைக்கத் தெரிந்த எந்த ரிப்பேர் கடையிலும் வேலை முடிந்துவிடும். கொடுக்கும்போது சாதாரண மூன்று முனை ஸ்டீரியோ பிளக்குக்கு நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இடம் வலம் மாறாமல் வரும்.