தனியார் பள்ளியிடமும் தகவல் கேட்கலாமா?

"10 ரூபாய் வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட்டால் போதும், எந்தத் தனியார் பள்ளியும் 30 நாளில் கணக்கு காட்டியே ஆக வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நம்பி மனு எழுதும் பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது உண்மை இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 'பொது அதிகார அமைப்பு'களுக்குத்தான் பொருந்தும். அரசு அலுவலகங்கள், சட்டத்தால் உருவானவை, அரசுக்குச் சொந்தமானவை, அரசின் கட்டுப்பாட்டில் உள்ளவை, அரசுப் பணத்தில் கணிசமாக இயங்குபவை எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி வாங்காத மெட்ரிக் பள்ளி இதில் வராது. அரசிடம் பதிவு பெற்றிருப்பதோ அங்கீகாரம் வாங்கியிருப்பதோ மட்டும் போதாது. கேரளக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானதாலேயே ஓர் அமைப்புக்கு இச்சட்டம் பொருந்திவிடாது என்றது.

அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகள் கதை வேறு. ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசுப் பணமாக இருந்தால், நிர்வாகம் தனியாருடையது என்று சொல்லித் தப்ப முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் இதைத் தெளிவாக்கியது.

சரி, மெட்ரிக் பள்ளிக் கட்டணம் பற்றித் தெரிய வேண்டுமா? மனுவைப் பள்ளி முதல்வருக்கு எழுதாதீர்கள். கட்டணத்தை நிர்ணயிக்கும் அரசுக் குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்கு (இந்த மனுக்களுக்குப் பதில் தரும் அதிகாரி) எழுதி, அந்தப் பள்ளிக்கான ஆணையின் நகலைக் கேளுங்கள். தனியார் நிறுவனத்திடமிருந்து வேறொரு சட்டப்படி அரசு பெறக்கூடிய தகவலும் இச்சட்டத்தில் 'தகவல்'தான். பிரிவு 2(எஃப்) அப்படித்தான் சொல்கிறது.