யார் கம்பைல் செய்தது என்று தெரியாத கோப்புகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே மூலநிரலிலிருந்து மென்பொருள் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்த பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பிறர் எழுதிய லைப்ரரியை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) யாரோ கம்பைல் செய்து, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தந்த கோப்பாக மட்டும் வாங்கி, எங்கள் நிரல்களைச் சேமிக்கும் ரெப்பாசிட்டரியில் போட்டுவைக்க நான் சம்மதிப்பதில்லை. அதன் மூலநிரலும், ஒவ்வொரு தளத்திலும் அதை பில்ட் செய்யும் முறையும், நாங்கள் செய்த திருத்தங்களும் எங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பிடிவாதம் பட்டுத் தெளிந்ததுதான். நான் முன்பு வேலை செய்த ஒரு திட்டத்தில், படங்களைக் கையாளும் லைப்ரரி ஒன்றின் விண்டோஸ் கோப்பை எவரோ பில்ட் செய்து வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். நாங்கள் கம்பைலரை மாற்றியபோது அந்தக் கோப்பு எங்கள் நிரலோடு லிங்க் ஆவதில், அதாவது இணைவதில், எந்தச் சிக்கலும் வரவில்லை. ஆனால், அந்த லைப்ரரி தன் ரன்டைமில் (நிரல் ஓடும்போது நினைவகம் போன்றவற்றைக் கவனிக்கும் துணைநிரலில்) ஒதுக்கிய நினைவகத்தை எங்கள் நிரல் வேறொரு ரன்டைமின் வழியாக விடுவித்ததால், தொடர்பே இல்லாத இடங்களில் மென்பொருள் நின்றுபோனது. லினக்ஸிலும் மேக்கிலும் அதே நிரல் ஒழுங்காக ஓடியதால், பல நாட்கள் எங்கள் நிரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியில் ஒரு கடுமையான பாதுகாப்புக் குறை வெளியானது, 1.3.2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. நேரடியாகப் பயன்படுத்தியவர்களுக்குப் பதிப்பை உயர்த்துவது சிறு வேலைதான். அந்த லைப்ரரியின் நகலைத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்த வேறு லைப்ரரிகளைக் கம்பைல் செய்யப்பட்ட கோப்புகளாக மட்டும் வைத்திருந்தவர்களோ, எதற்குள் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தேடவே திண்டாட வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களுக்கு (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகுகளுக்கு) ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று கூகுள் ப்ளே 2025 நவம்பரில் கொண்டுவந்த விதியும் இப்படித்தான். மூலநிரல் இருந்தால் லிங்கருக்கு ஓர் அமைப்பை மாற்றிச் சொல்லி மீண்டும் பில்ட் செய்துவிடலாம். இல்லாவிட்டால் கோப்பைத் தந்தவரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

திருத்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி மொழியில் முழு எண்களுக்கான 'லாங்' என்ற வகை 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட் என்பதை மறந்து எழுதப்பட்ட லைப்ரரிகள் இன்றும் கிடைக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் அதன் நிரலுக்குள்ளேயே கைவைத்துவிட்டு நகர்வதுதான் நம்மில் பலரின் வழக்கம். அடுத்த பதிப்பை இறக்கும்போது அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். அதைத் தனி பேட்ச் கோப்பாக, அதாவது மாற்றிய வரிகளை மட்டும் கொண்ட கோப்பாக வைத்து, எதற்காகச் செய்தோம் என்று இரண்டு வரி எழுதி, மூல ஆசிரியருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. அவர் ஏற்றுக்கொண்டால் நம் சுமை ஒன்று குறையும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். லைப்ரரிகளைத் தருவித்து பில்ட் செய்யும் விசிபேக்கேஜ், கோனன் போன்ற கருவிகள் ஒருமுறை பில்ட் செய்ததைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்துவதால், முதல் முறைதான் வலிக்கும்.

மூலநிரல் கையில் இருந்தாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (அனுமதியின்றி நுழைய ஒளித்துவைத்த வழி) கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை உயிர்ப்பிக்கும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் ரெப்பாசிட்டரியில் அவை இல்லை. அதன் பிறகு நாங்கள் முடிந்தவரை பொதியைத் தவிர்த்து, கிட்டில் குறிப்பிட்ட கமிட்டிலிருந்தே (பதிவான ஒரு நிலையிலிருந்தே) எடுக்கிறோம்.

எங்கள் திட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது மூலநிரல் தர மறுக்கும் நிறுவனம் ஒன்றின் ஒரே ஒரு கோப்புதான். அதற்கு ஆர்ம் வகைச் செயலிச் சில்லுகளில் ஓடும் லினக்ஸுக்கான வடிவம் கிடையாது. ஆகவே எங்கள் மென்பொருளுக்கும் கிடையாது.