புதைத்த தண்ணீரை மேலே கொண்டுவர யார் பணம் தருவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வீடு வாங்கிய நம்மவர்கள் சொத்துவரி ரசீதில் பள்ளிக்கூட வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ரசீதில் கொலராடோ ஆற்றுக் கால்வாயை நடத்தும் 'நீர் மாவட்டம்' என்ற பொது அமைப்பின் வரியும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி, வரிக்குரிய மதிப்பில் 100 டாலருக்கு அதிகபட்சம் 4 சென்ட், தண்ணீரை நிலத்துக்கடியில் சேமிப்பதற்கென்று போடப்பட்டது. குடியிருக்கும் வீடுகளுக்கு மதிப்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் வரிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 4 லட்சம் டாலராக மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 16 டாலர் வரை வரும். அந்தப் பணத்தைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது எந்தச் செலவைத் தொடாமலே விட்டது என்பதில்தான் என் சண்டை.

பாலைவனத்தில் தண்ணீரைப் புதைத்து வைப்பது புத்திசாலித்தனம். இங்கே ஆண்டு மழை ஏழு, எட்டு அங்குலம். திறந்த ஏரியிலிருந்து ஆண்டுக்கு ஆறடி உயரத் தண்ணீர் ஆவியாகிவிடும். மணற்பாங்கான இடத்தில் ஆழமில்லாத கசிவுநீர்க் குட்டைகளை வெட்டி, கால்வாய்த் தண்ணீரை விட்டு, அது இறங்கியதும் காயவிட்டு, அடியில் படிந்த வண்டலைச் சுரண்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். புதிய அணை கட்டுவதோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். யாருடைய ஊரும் மூழ்காது.

ஆனால் அரிசோனா இதைத் தொடங்கியதற்கு ஆவியாதல் மட்டும் காரணமில்லை. கொலராடோ ஆற்றில் இந்த மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 28 லட்சம் ஏக்கர் அடி. (ஒரு ஏக்கர் அடி என்பது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர்.) ஹவாசு ஏரியிலிருந்து டூசான் வரை 336 மைல் நீளக் கால்வாய்க்கு 1968இல் நாடாளுமன்றத்தில் அனுமதி வாங்கும்போது கலிபோர்னியாவின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்கு விலையாக, ஆறு வற்றினால் எங்கள் கால்வாய்க்கே முதலில் வெட்டு விழட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1993இல் கால்வாய் முடிந்தபோது அதன் தண்ணீர் முழுவதையும் வாங்க ஆளில்லை, விவசாயிகளுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. வாங்காமல் விட்டதைக் கலிபோர்னியா எடுத்துக்கொண்டிருந்தது. 1996இல் அரிசோனா நீர் வங்கி ஆணையம் பிறந்த சூழல் இது. எங்கள் பங்கு ஆற்றோடு போகக்கூடாது, எப்படியாவது மாநிலத்துக்குள் இழுத்துவிட வேண்டும். இழுத்தாயிற்று என்றால் பாதி வெற்றி.

அந்தப் பாதிக்கு நிதி ஏற்பாடு பிரமாதம். மூன்று மாவட்டங்களில் சொத்துவரி, நிலத்தடி நீர் எடுப்போரிடம் ஏக்கர் அடிக்கு 2.50 டாலர் வரை கட்டணம், மாநிலக் கருவூலத்திலிருந்து கொஞ்சம். பக்கத்து மாநிலமான நெவாடா, தனக்காகவும் சேமித்துத் தரச் சொல்லி ஒரு தவணையில் 10 கோடி டாலர் கொடுத்தது. சட்டமும் நுணுக்கமானது. குட்டைக்கு ஓர் உரிமம், நீரை விடுவதற்கு ஓர் உரிமம், எடுக்கும் கிணற்றுக்கு ஓர் உரிமம். நீண்ட காலத்துக்குச் சேமிக்கும் கால்வாய் நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிலத்துக்கே சொந்தம், மீதிதான் கணக்கில் வரவாகும். இந்த ஐந்து சதவீத விதி எனக்குப் பிடிக்கும். பூமிக்கும் ஒரு பங்கு எழுதிவைத்த சட்டம் அபூர்வம்.

இப்படிச் சேர்ந்தது 40 லட்சம் ஏக்கர் அடிக்கு மேல். நம் கணக்கில் 170 டி.எம்.சி.யைத் தாண்டும், மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலே கொண்டுவருவதற்கான விரிவான கூட்டுத் திட்டம் வெளிவந்தது 2014இல், வங்கி தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. அதுவும் பெரும்பாலும் நகராட்சிகளின் கிணறுகளையும் பாசன மாவட்டங்களோடு (விவசாயிகளுக்கு நீர் வழங்கும் அமைப்புகள்) செய்யவேண்டிய, ஒரு நீருக்குப் பதில் இன்னொரு நீரைப் பெறும் நீர்மாற்று ஒப்பந்தங்களையும் நம்பியிருந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு மன்றாடுவது என்பார்களே, அதுதான்.

தண்ணீரை இறக்குவதற்குப் புவியீர்ப்பு இலவசமாக வேலை செய்யும். ஏற்றுவதற்குக் கிணறு, மோட்டார், மின்சாரம், குழாய் எல்லாம் வேண்டும். சில இடங்களில் அந்த நீரில் ஆர்செனிக்கோ நைட்ரேட்டோ கலந்திருந்தால் சுத்திகரிப்பும் வேண்டும். இடச்சிக்கல் வேறு. ஃபீனிக்ஸுக்கு மேற்கே வெகு தூரத்தில் டோனோபா பாலைவனத்தில் பெரிய குட்டைகள் இருக்கின்றன. தண்ணீர் அங்கே இறங்குகிறது, தாகம் நகரத்தில் இருக்கிறது. ஒரே நிலத்தடி நீர் நிர்வாகப் பகுதிக்குள் ஓரிடத்தில் விட்டதை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேறிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். காகிதத்தில் வரவும் செலவும் சரியாக நிற்கும். குட்டைக்குக் கீழே நீர்மட்டம் உயர்ந்துகொண்டிருக்க, பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் கிணறு இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வகைச் சேமிப்பில் குட்டையே கிடையாது. பினல் மாவட்ட விவசாயிக்குக் கால்வாய் நீரைச் சலுகை விலையில் கொடுத்து, 'உன் கிணற்றை இயக்காதே' என்பார்கள். அவர் இறைக்காமல் விட்டது சேமித்த நீராகக் கணக்கில் ஏறும். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், நிலத்தடியில் நீர் உண்மையாகவே மிஞ்சுகிறது. ஆனால் வறட்சி வந்து கால்வாய் நின்றால் அந்த விவசாயியும் கிணற்றுக்குத் திரும்புவார், வரவை வைத்திருப்பவரும் அதே நிலத்தடி நீரைக் கேட்பார். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்து, 2022க்கு அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர் அடியை வெட்டியபோது அதிகம் அடிபட்டவர்கள் பினல் விவசாயிகள். அவர்கள் மீண்டும் கிணறு தோண்ட ஆற்று நீரைப் பகிரும் மாநிலங்கள் செய்த 2019 வறட்சி ஒப்பந்தத்திலேயே அரசுப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அரசியல் அழுத்தம் இருந்தால் கிணற்றுக்குப் பணம் கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரியாகச் செய்தவர்களும் இந்த மாநிலத்திலேயே இருக்கிறார்கள். டூசான் நகரம் 1992இல் கால்வாய் நீரைச் சுத்திகரித்து நேரடியாக வீடுகளுக்கு விட்டது. புதிய நீரின் தன்மை பழைய குழாய்களின் துருவைக் கிளப்பியது. குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர். 1995இல் வாக்காளர்கள் நேரடி விநியோகத்துக்கே தடை போட்டார்கள். வேறு வழியில்லாமல் நகரம் ஆவ்ரா பள்ளத்தாக்கில் குட்டைகளை வெட்டியது. கவனியுங்கள், குட்டைகளின் பக்கத்திலேயே எடுக்கும் கிணறுகளையும் நகரத்துக்கு வரும் குழாயையும் சேர்த்தே வடிவமைத்தது. இறங்கிய நீர் அங்கிருந்த நிலத்தடி நீரோடு கலந்து, 2001 முதல் வீடுகளுக்கு வருகிறது. நகர மையத்தின் பழைய கிணறுகளுக்கு ஓய்வு கிடைத்து அங்கே நீர்மட்டம் ஏறியது. சேமிப்புக்கும் மீட்புக்கும் ஒரே கை பணம் போட்டதால், ஒன்றை மறந்து மற்றொன்றைச் செய்ய வழியே இருக்கவில்லை.

அபுதாபியும் அப்படித்தான். லிவா பாலைவனத்தில் கடல்நீரைக் குடிநீராக்கி 2.6 கோடி கன மீட்டர் புதைத்தார்கள். 2018இல் அதைத் தொடங்கி வைத்தபோதே 315 மீட்புக் கிணறுகள் தயார். பத்து லட்சம் பேருக்குத் தலைக்கு 180 லிட்டர் வீதம் 90 நாள் என்ற இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பணம், நமக்குக் கட்டாது என்பீர்கள். சரி. அந்தக் கணக்குப் போடும் முறைக்கு எண்ணெய்ப் பணம் தேவையில்லையே.

என்றைக்கோ வரப்போகும் வறட்சிக்கு இன்றே கிணறு தோண்டினால் மோட்டார் துருப்பிடிக்கும், முதலீடு முடங்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. எல்லாக் கிணறுகளையும் இன்றே தோண்டச் சொல்லவில்லை. இடம், உரிமம், குழாய்ப் பாதை, மின் இணைப்பு, கட்டணம் யார் தலையில் என்ற ஒப்பந்தம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வறட்சி அறிவித்த பிறகு நகராட்சியும் பாசன மாவட்டமும் பழங்குடியினரும் நெவாடாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசினால், முடிவதற்குள் கோடை இரண்டு போய்விடும். நெவாடாவின் கணக்கில் இருக்கும் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர் அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் பங்கைக் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து எடுப்பார்கள், அரிசோனா அந்த அளவுக் கால்வாய் நீரை விட்டுக்கொடுத்துத் தன் நிலத்தடிச் சேமிப்பை இறைத்துக்கொள்ள வேண்டும். இறைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் வாங்கிய பணத்துக்கு என்ன பதில்?

புதிதாகச் சேமிக்க இனி உபரி நீர் பெரிதாகக் கிடைக்கப்போவதில்லை. ஆகவே சேமிப்புக்கென்று வசூலிக்கும் வரியை மீட்புக்குத் திருப்புங்கள் என்பதே என் வாதம். கால்வாயை நடத்தும் நீர் மாவட்டத்தின் குழுவில் 15 பேர், மூன்று மாவட்ட வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பவர்கள். அந்தப் பெயர்கள் நீண்ட வாக்குச்சீட்டில் எங்கோ அடியில் இருக்கும், பலர் அதுவரை போவதேயில்லை. வாக்குரிமை உள்ள நண்பர்கள் இந்த முறை அங்கேயும் போங்கள். வேட்பாளர்களிடம் டோனோபாவில் இறங்கிய தண்ணீர் எந்தக் கிணறு வழியாக, எந்தக் குழாயில், யார் கட்டும் மின்கட்டணத்தில் வரும் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள், நானும் என் பகுதி வேட்பாளர்களிடம் கேட்டு எழுதுகிறேன்.